நாலு வேளைப் பால்

சட்டம் என்பது டோக்கன் வரிசை மாதிரி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எகிப்தில் தும்யாத் நகரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக டோக்கன் கொடுக்கிறவள் நான். முதலில் வந்தவனுக்கு முதல் நம்பர். கன்னம் வீங்கி அழுதுகொண்டு வருகிறவனை நடுவில் நுழைத்துக்கொள்வேன், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குடும்ப நீதிமன்றத்திலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. தாய் இல்லாத குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்கிற வரிசை. தாயைப் பெற்றவள், தகப்பனைப் பெற்றவள், கூடப் பிறந்தவள், தாயின் அக்கா தங்கை, தகப்பனின் அக்கா தங்கை என்று போய், பெண்கள் எல்லாரும் தீர்ந்த பிறகு ஆண்களுக்கு வருகிறது. வக்கீல் லுத்ஃபி அதை விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். இரண்டு கை விரலும் மடங்கிவிட்டது. என் பேர் வரவில்லை.

"நான் எத்தனாவது, உஸ்தாத்?"

"நீங்க இதுல எங்கயும் இல்லம்மா. நீங்க தகப்பனோட பொண்டாட்டி."

"ஏழு வருஷமா வளர்த்தது நான்."

"வளர்த்ததுக்கு இங்க இடம் போடலையே. நான் என்ன பண்ணட்டும்?"

என் பெயர் அஃப்கார். தெருவில் எல்லாரும் உம்மு ருதைனா, அதாவது ருதைனாவின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை நான் பெறவில்லை. பெற்றவள் வஃபா, எனக்கு மேல்மாடிக்காரி. பிரசவமான ஐந்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு வருடம் கழித்து அவள் புருஷன் ஷஅபான் என்னைக் கட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்வதென்றால் அவர் குழந்தைக்காக என்னைக் கட்டினார், நானும் குழந்தைக்காகத்தான் அவரைக் கட்டினேன். இருந்தாலும் நல்ல மனுஷன். போன குளிர்காலத்தில் மரப்பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு நாற்பதாம் நாள் முடிந்து, நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் வஃபாவின் அக்கா நகாத் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கடலோரத்தில் எஸ்பத் அல்-புர்க் என்கிற ஊரில் இருக்கிறாள். புருஷன் ஜலால் மீன்பிடிப் படகில் போகிறவன்.

"அஃப்கார், பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்."

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போங்களேன், உம்மு யாசீன். நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"ஒரு நாளைக்கு இல்ல. மொத்தமா."

குழாயை மூடினேன். "ஏன்? நான் என்ன குறை வச்சேன்?"

"குறைன்னு யாரு சொன்னா? உனக்கு முப்பத்தெட்டு வயசு. நாளைக்கு ஒருத்தன் வருவான், கட்டிப்ப. என் தங்கச்சி மக எவனோ ஒருத்தன் வீட்டுல போய் நிக்கணுமா? அவளுக்குன்னு நான் உசுரோட இருக்கேன்ல?"

"நான் யாரையும் கட்டிக்க மாட்டேன்."

"ஷஅபானைக் கட்டறதுக்கு முந்தியும் இதையேதான் சொன்ன."

சொல்லியிருந்தேன்தான். நகாத்தோடு பேசினால் இதுதான் தொல்லை, அவள் பொய் சொல்ல மாட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வழக்குப் போட்டாள். என் மேல் இல்லை, என் கொழுந்தன் ஸப்ரி மேல். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தகப்பனின் தம்பிதான் பொறுப்பாளியாம். ஸப்ரி மூன்றாம் மாடியில் பெண்டாட்டியோடும் நாலு பையன்களோடும் இருக்கிறான். ருதைனா எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் மேலே பார்ப்பான். ஆனால் நோட்டீஸ் வந்ததும் மீசை துடித்தது.

"பொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு மீன் நாத்தத்துல வளரக் கூடாது."

அவன் மேலிருந்து வார்னிஷ் வாடை வந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். எனக்கு அவன் தேவைப்பட்டான்.

லுத்ஃபி ஸப்ரிக்குத் தெரிந்த வக்கீல். நிலத் தகராறு, வாய்க்கால் தகராறு பார்க்கிறவர். எங்கள் வழக்கை அவர் சர்க்கரை தூக்கலான டீயோடு ரொம்பச் சுலபமாக விளக்கினார். நகாத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவள் புருஷன் ஜலால் குழந்தைக்கு அந்நியன், நாளைக்கு அவளைக் கல்யாணமே பண்ணிக்கொள்ளக்கூடிய முறையில் இருக்கிறவன். அப்படிப்பட்டவன் வீட்டில் குழந்தையை விடுவதற்கு நீதிபதி யோசிப்பார். நகாத் விழுந்தால் வரிசையில் வேறு பெண் இல்லை, ஸப்ரிக்கு வந்துவிடும். ஸப்ரி என்னிடம் விட்டுவிடுவான்.

"இந்தக் கேஸ்ல தோக்கணும்னா நாமளா பாத்துத் தோத்தாத்தான் உண்டு" என்றார்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இனிப்பாக இருந்தது. அன்று மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து ருதைனா தூங்கும்போது, வழக்கம்போல என் காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அந்தப் பழக்கம். எட்டு வயதாகிறது, விடமாட்டேன் என்கிறாள். தோடு போட முடியாது, குத்தும். எனக்கு இவள் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

முதல் விசாரணை முடிந்து லுத்ஃபி வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"ஒரு சிக்கல். அந்தப் பொம்பளை, தான் குழந்தைக்குப் பால் குடுத்தேன்னு சொல்லுது."

கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாருக்கோ பல் ராவுகிற சத்தம் கேட்டது.

"பால்குடி உறவுன்னு ஆயிட்டா அவ தாய் மாதிரி. அவ புருஷன் தகப்பன் மாதிரி, கல்யாணம் ஆகாத முறை. நம்ம பிடியே போயிடும். ஆனா நிரூபிக்கணும். புருஷன் அப்ப கடல்ல இருந்தானாம், பாத்தவங்க வேற யாரும் இல்ல. ஒரே ஒரு சாட்சி பேரு குடுத்திருக்கா."

"யாரு?"

"நீங்கதான்."

நான் பார்த்திருந்தேன்.

வஃபா போனபோது குழந்தை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மூன்று நாளில் போய்விட்டார்கள். நாலாம் நாள் குழந்தையைக் கொடுத்தார்கள். புட்டிப் பாலை வாயில் வைத்தால் துப்பியது. அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. மேலே ஆண்கள் இருந்ததால் நகாத் கீழே என் அறையில் தங்கினாள். மடியில் அவள் மகன் யாசீன், அப்போது ஐந்து மாதம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் அவனுக்கும் இன்னொரு பக்கம் தங்கை மகளுக்குமாகக் கொடுத்தாள். அவள் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன். பதிமூன்று நாள். குழந்தை புட்டிக்குப் பழகினதும் நகாத் ஊருக்குப் போனாள். அந்தக் கதவுக்குள் இருந்த பெரிய ஆள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பார்க்கலன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது" என்றார் லுத்ஃபி.

"சத்தியம் பண்ணணுமே."

"பண்ணணும்."

"அப்புறம் யாசீன் இருக்கான். ரெண்டும் ஒரே பாலைக் குடிச்சதுங்க, உஸ்தாத். நான் இல்லன்னு கோர்ட்டுல சொல்லி, பத்து வருஷம் கழிச்சு யாராவது அந்தக் காகிதத்தைக் காட்டி ரெண்டு பேருக்கும் முடிச்சு வச்சா? அண்ணன் தங்கச்சிக்கு?"

"பத்து வருஷம் கழிச்சு வர்றதுக்கெல்லாம் இப்பவே அழுவாங்களா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் நம்பருக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டில் ஒருத்திக்குச் சந்தேகம் என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் ஒரு இளம் ஷேக், நல்ல குரல். ஐந்து முறை, வயிறு நிறைய, தனித்தனியாகக் குடித்திருந்தால்தான் பால்குடி உறவு உண்டாகும், அதற்குக் குறைந்தால் இல்லை என்றார்.

"நாலு தடவைன்னா?"

"நாலுன்னா இல்லை சகோதரி."

போனை வைத்தபோது மனதில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. பார்க்கவே இல்லை என்றால் அது பெரிய பொய். பார்த்தேன், ஆனால் நாலு தடவைதான் என்றால்? அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. நகாத் கொடுத்தாள் என்று அவள் மானத்தைக் காப்பாற்றினதும் ஆகிறது, குழந்தை என்னிடம் இருந்ததும் ஆகிறது. யாசீன் விஷயத்தை நேரம் வரும்போது நானே நடுவில் விழுந்து தடுத்துவிடலாம். நாலு நிஜமாகவே நடந்ததுதானே, ஐந்தாவதைத்தானே விடுகிறேன் என்றுகூட நினைத்தேன். இப்படியெல்லாம் ஒரு மனுஷி தனக்குத்தானே டோக்கன் கொடுத்துக்கொள்ள முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

லுத்ஃபியிடம் சொன்னேன். தாடையைத் தடவினார்.

"நாலு நல்ல நம்பர். பார்க்கலன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஒரே அறையில இருந்தவங்க நீங்க. நாலுன்னா நம்பற மாதிரி இருக்கு."

சாட்சி சொன்ன நாள் எனக்கு முழுசாக ஞாபகமில்லை. மின்விசிறி கிறீச்சிட்டது ஞாபகமிருக்கிறது. நீதிபதிக்கு இரண்டு பக்கமும் நிபுணர்கள் என்று இரண்டு பெண்கள் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்தார்கள். அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டேன்.

"நகாத் இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்ததை உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை முறை?"

"நாலு."

"நாலா!" என்று பின்னால் நகாத் கத்தினாள். காவலர் அவளை அமர்த்தினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நாலு முறை. வயிறு நிறையக் குடிச்சுதா?"

எண்ணிக்கையைக் குறைத்தாயிற்று, அளவையும் குறைத்துவிடுவோம் என்று நினைத்தேன். "நிறைய இல்லங்கய்யா. கொஞ்சம் சப்பும், அப்புறம் தூங்கிடும்."

"உள்ள போச்சா? முழுங்குச்சா? அதைச் சொல்லுங்க."

"கொஞ்சம் போச்சு."

"அது நிச்சயமா?"

"நிச்சயம். வாய் ஓரத்துல வழிஞ்சதை நான்தான் துடைச்சேன்."

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. கேட்காமலே சொல்லிவிட்டேன். நீதிபதி தலையை ஆட்டி எழுத்தரிடம் ஏதோ சொன்னார். "போதும்மா, நீங்க போகலாம்."

தாழ்வாரத்துக்கு வந்தபோது லுத்ஃபி சிரித்துக்கொண்டிருந்தார். நகாத்தின் வக்கீலம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் போகிறபோக்கில் என் தோளைத் தட்டி, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். இரண்டு பக்கமும் ஜெயிக்கிற வழக்கை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. லுத்ஃபியிடம் கேட்டால், "சும்மா நடிக்கிறா, உங்களைப் பயமுறுத்த" என்றார்.

நகாத் மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"நாலா, அஃப்கார்?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"என் மார்பு வெடிச்சு ரத்தம் வந்துது. நீதானே ஆலிவ் எண்ணெய் தடவிவிட்ட? நாலுதானா?"

"எனக்குக் குழந்தை வேணும், நகாத்."

"எனக்கு வேணாமா? என் தங்கச்சிக்குன்னு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான். அதுக்காக நான் எதைக் கூட்டிச் சொன்னேன், சொல்லு? ஒண்ணாவது கூட்டிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் ஒன்றும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் முக்காட்டு நுனியால் மூக்கைச் சிந்திக்கொண்டு படியிறங்கினாள்.

தீர்ப்புக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் நான் ஜெயித்தவள் மாதிரி நடந்துகொண்டேன். ருதைனாவுக்குப் புதுப் பள்ளிப்பை எடுத்தேன். அவளுக்குப் பிடித்த பட்டாணி போட்ட வாத்துக் குழம்பு வைத்தேன். ஒரு நாள் அவள் எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"ம்மா, யாசீன் எனக்கு அண்ணனா, அண்ணன் மாதிரியா?"

"யாரு கேட்டா?"

"அவன்தான் கேட்டான். பெரியம்மா வீட்டுல நீ நாலுன்னு சொன்னதுலேர்ந்து ஒரே சண்டையாம். நாலுன்னா அண்ணன் இல்லயாம்."

"சாப்பிடு."

"அண்ணன் இல்லன்னா அவன் என் சைக்கிளைத் திருப்பிக் குடுக்கணும்."

சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பன்று ஸப்ரி வரவில்லை, பட்டறையில் வேலை என்றான். லுத்ஃபி நகல் வாங்கிக்கொண்டு வந்து நீதிமன்றப் படிக்கட்டிலேயே நின்று படித்தார். முதல் பக்கம் வேகமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் அவர் உதடு நின்றுவிட்டது.

"என்ன உஸ்தாத்?"

"இல்ல... இங்க ஹனஃபி வழின்னு போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"மார்க்கச் சட்டத்துல பல வழி இருக்கும்மா. எழுதின சட்டத்துல தெளிவா இல்லாத இடத்துல கோர்ட்டு ஹனஃபி வழிப்படிதான் பாக்குமாம். அதுல அஞ்சு தடவைக் கணக்கே இல்லயாம்மா. ஒரு மிடறு உள்ள போனாலே போதுமாம்."

"போன்ல அந்த ஷேக் அஞ்சுன்னாரே!"

"அது அவங்க வேற வழிப்படி குடுக்கிற தீர்ப்பு. கோர்ட்டு வேற. எனக்கு... எனக்கு நில வழக்குதான் பழக்கம், அஃப்காரம்மா."

தீர்ப்பின் சாரம் இதுதான்: நகாத் பால்குடித் தாய். ஜலால் பால்குடித் தகப்பன், அந்நியன் இல்லை. அந்த வீட்டில் சிறுமிக்கு அஞ்ச ஒன்றுமில்லை, அவள் நலன் தாயின் சகோதரியிடம் வளர்வதிலேயே இருக்கிறது. பத்து நாளில் ஒப்படைக்க வேண்டும். நான் அந்த வாயோரத்துப் பாலைத் துடைத்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட, நாலு என்று சொன்ன அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே தீர்ப்புதான், முகமாவது மிஞ்சியிருக்கும். முழுப் பொய் சொல்லியிருந்தால் குழந்தை மிஞ்சியிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் போய் நின்றவள் நான்.

"நான் உள்ள போய்ச் சொல்றேன். நான் சொன்னது பொய்னு."

லுத்ஃபி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னன்னு சொல்வீங்க? நாலு இல்ல, அதுக்கு மேலன்னா? தீர்ப்பு இன்னும் கெட்டியாயிடும், நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. பார்க்கவே இல்லன்னா? அதை இனிமே எவன் நம்புவான்? விடுங்கம்மா."

"நான் சொன்னதை மட்டும் எப்படி நம்பினாங்க? நான் அவளை வளர்க்கிறவ, எனக்காகத்தான் பேசுவேன்னு நீதிபதிக்குத் தோணலையா?"

அவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். படிக்கத் தயங்கினார். நான் காகிதத்தைப் பிடுங்கி நானே படித்தேன். இந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் முழுமையாக ஏற்கிறது என்று இருந்தது. ஏனெனில் சாட்சி சிறுமிக்கு எவ்வித உறவும் இல்லாத அந்நியப் பெண். சிறுமியைக் கோரும் உரிமை அவருக்கு இல்லை. எனவே இவ்வழக்கில் அவர் அடைவதற்கோ இழப்பதற்கோ ஏதுமில்லை.

மறுபடி படித்தேன். பிறகு படியேறி நகல் கொடுக்கிற ஜன்னலுக்குப் போனேன். வரிசையில் நிற்கவில்லை, முன்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். உள்ளே இருந்த எழுத்தர் வயசாளி, மொச்சை மசியல் வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"இதுல தப்பு இருக்கு" என்றேன்.

"பேரா? தேதியா?"

"அந்நியப் பெண்ணுன்னு போட்டிருக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "நீங்கதானே சாட்சி? அப்ப குழந்தைக்கு நீங்க என்ன உறவு? சொல்லுங்க, திருத்த மனு எழுதிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். அவர் பேனாவோடு காத்திருந்தார். அந்தத் தாளில் எழுதக்கூடிய சொல்லாக ஒன்றும் எனக்கு வரவில்லை. பின்னால் யாரோ சீக்கிரம் என்றார்கள்.

"உறவு இல்லன்னா இருக்கட்டும்" என்றேன். "இழக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கே, அதை மட்டுமாவது அடிச்சுக் குடுங்கய்யா."